அண்ணாவின் புகைப்படத்துக்கு யாரோ போட்ட மாலை

சினிமா எடுப்பவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். தெரிந்த பிள்ளை என்றாலும் விடாதீர்கள். லண்டன் நோர்பரியில் என் வீட்டு முன்னறையில் ஒரு கிழமை முழுக்கப் படம் எடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடக்க வேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.

இயக்குநர் ஒரு தமிழ்ப் பெண். லண்டனில் பிறந்து வளர்ந்து, சின்ன வயதிலேயே குறும்படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவள். நான் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் நாடகக் குழுவில் நடிக்கிறவள். மேடையில் என்னைப் பார்த்துவிட்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். பழைய நாடகம் ஒன்றைப் படமாக்கப் போவதாகச் சொன்னாள். இங்கே பள்ளிக்கூடங்களில் பாடமாக வைக்கிற நாடகம். போருக்குப் பிறகு ஒரு தாய் அரசனின் வாசலில் நின்று தன் மகனைக் கேட்கிறாள். அரசன் வெளியே வருவதே இல்லை. நாடகம் முழுக்க அவள் வாசலை விட்டு அசையாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள். கதை அவ்வளவுதான்.

அதை இவள் இன்றைய லண்டனுக்குக் கொண்டுவருகிறாளாம். தாய் எங்கள் ஊர்த் தாய். அரசனின் வாசல் ஓர் அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்பு. தாயின் வசனங்களை நான் யாழ்ப்பாணத் தமிழில் எழுதித் தர வேண்டும். வீட்டின் முன்னறையும் வேண்டும்.

"அன்ரி, உங்கடை ரூம் பேர்ஃபெக்ட். ஒண்டும் மாத்தத் தேவையில்லை," என்றாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவுதான் நீளும். மற்றதெல்லாம் ஆங்கிலம். அவள் சொன்னவற்றை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

அந்த அறையில் அவள் கண் போனது சுவரில் இருந்த இரண்டு புகைப்படங்களுக்கு. ஒன்று அப்பாவுடையது. அப்பா இங்கே ஆஸ்பத்திரியில் காலமானார். அவருடைய படத்துக்குச் சந்தன மாலை போட்டு, கீழே ஒரு சின்ன மின்விளக்கு வைத்திருக்கிறோம். மற்றது அண்ணாவுடையது. ஊரில் ஸ்டூடியோவில் எடுத்தது. வெள்ளைச் சேர்ட், எண்ணெய் வைத்து வாரிய தலை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற வாய். போர் முடிந்த நாட்களில் அம்மாவின் கண் முன்னால் அண்ணா படையினரிடம் சரணடைந்தார். பெயரைக் கேட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அண்ணாவின் படத்துக்கு மாலை இல்லை, விளக்கும் இல்லை. இப்படிப் பிள்ளையைப் படையின் கையில் கொடுத்துவிட்டு நிற்கிற எங்கள் தாய்மார் யாரும் மாலை போட மாட்டார்கள். போட்டால் பிள்ளை செத்துவிட்டான் என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு எந்த முகத்தோடு போய், என் பிள்ளை எங்கே என்று கேட்பது? அம்மா அந்தச் சுவருக்குக் கிட்ட ஒரு பூச்சாடியைக்கூட வைக்க விடமாட்டார். ஒருமுறை வேலையிடத்தில் தந்த பூங்கொத்தை அண்ணாவின் படத்துக்குக் கீழே தெரியாத்தனமாக வைத்துவிட்டேன். அன்று முழுக்க அம்மா என்னோடு கதைக்கவில்லை. நான் என்ன நம்புகிறேன் என்று யாரும் கேட்க வேண்டாம். அம்மா இருக்கிறவரைக்கும் அந்த வீட்டில் அண்ணா உயிரோடு இருக்கிறார்.

இதையெல்லாம் இயக்குநருக்கு நான் ஒளிக்காமல் சொன்னேன். கண் கலங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். "அன்ரி, என்ரை படமே இதுதான்," என்றாள். அந்தப் போட்டோவை அப்படியே சுவரில் வைத்து எடுக்கலாமா என்று கேட்டாள். அம்மாவிடம்தான் கேட்க வேண்டும் என்றேன்.

அம்மா யோசித்தார். "எத்தினை பேர் பாப்பினம்?" என்று கேட்டார்.

"நிறையப் பேர், அம்மம்மா. வேற நாடுகளிலையும்."

"அப்ப எடுக்கட்டும். ஆராவது கண்டால் சொல்லுவினம்தானே." அதற்குப் பிறகு விரலை நீட்டிச் சொன்னார்: "ஆனால் பிள்ளை, போட்டோவிலை கை வைக்கக் கூடாது. தூசு கிடந்தாலும் நான்தான் துடைப்பன்."

"ஓம் அம்மம்மா. ப்ரொமிஸ்."

நான் வசனம் எழுதத் தொடங்கினேன். மூல நாடகத்தில் தாய் ஓரிடத்தில், மகனின் உடலையாவது கொடு, புதைக்கிறேன் என்று அரசனைக் கேட்கிறாள். அதைத் தமிழாக்கி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"உடம்பை ஏன் கேக்கிறா? ஆளையெல்லே கேக்க வேணும்."

அந்த வசனத்தை அப்படியே மாற்றினேன். 'உடம்பு வேண்டாம், ஆளைத் தா' என்று எழுதி, ஆங்கிலத்திலும் விளக்கி அனுப்பினேன். இயக்குநர் உடனே போன் எடுத்தாள். இதுதான் படத்தின் உயிர் என்று துள்ளினாள். ஆகவே தெரியாமல் செய்தாள் என்று எனக்கு யாரும் சமாதானம் சொல்ல வரக் கூடாது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் செய்தாள்.

ஒன்றும் மாற்றத் தேவையில்லை என்றவள், வந்த முதல் நாளே சோபாவைத் தூக்கினாள். பிறகு ரீவி போனது. தமிழ்த் தாயின் வீட்டில் இவ்வளவு பெரிய ரீவி இருந்தால் பார்ப்பவர்களுக்கு இரக்கம் வராதாம். நாங்கள் வாழ்நாளில் வாங்காத அளவுக்கு ஒரு பெரிய குத்துவிளக்கு வான் வண்டியில் வந்து இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஆளுயர விளக்கை வைத்து, மழை பெய்கிற நோர்பரியில் வெயில் அடிக்க வைத்தார்கள். அப்பாவின் படத்தைக் கழற்றினார்கள். சுவரில் இரண்டு ஆண்கள் இருந்தால் தொலைந்தவர் யார் என்று குழம்புமாம். அப்பாவை மாலையோடு கொண்டுபோய் மாடிப்படியில் சாத்தி வைத்தார்கள். என் அப்பா ஒரு கிழமை மாடிப்படியில் இருந்தார்.

அண்ணாவின் படத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அம்மா குசினியில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டே கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது இயக்குநர் அம்மாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். நல்ல வளர்ப்பு என்று அம்மா எனக்குச் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து, வேலை செய்தவர்களுக்கு மட்டும் ஒரு சின்னத் தியேட்டரில் போட்டுக் காட்டினார்கள். அம்மாவுக்கு முழங்கால் நோ, நான் தனியாகப் போனேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், படத்தில் நல்ல இடங்கள் இருந்தன. அரசனை அவள் காட்டவே இல்லை. அரசன் என்பது தொலைபேசியில் வருகிற பதிவு செய்த குரல்: உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், காத்திருங்கள். இந்தக் காலத்து அரசன் அதுதான், சரியாகப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். அலுவலகத்துக் காட்சியில் தாயின் முகமும் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரியின் முகமும் ஒரே கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. வெட்டாமல் ஒரே ஷொட்டில் எடுத்திருந்தாள். நாள் முழுக்கக் கண்ணாடியோடு சீவிக்கிறவள் நான், அதை எடுக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு தாயின் பெரிய பேச்சு வந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதியது. நடிகை முதல் வரியைச் சொன்னாள். அதோடு குரல் மெல்ல அடங்கி, வயலின் மாதிரி ஏதோ ஒன்று இழுபடத் தொடங்கியது. கமரா அவள் முகத்துக்குக் கிட்டக் கிட்டப் போகிறது, உதடு அசைகிறது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. 'உடம்பு வேண்டாம், ஆளைத் தா' என்பது அந்த வயலினுக்குள் போய்விட்டது. மேடையில் அந்தத் தாய்க்கு வாயைத் தவிர வேறு ஒன்றுமே கிடையாது. அந்த வாயைப் பொத்திவிட்டு, கண்ணீரை மட்டும் சுவரளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்கள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் மூக்கை உறிஞ்சினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சல் ஆற முன்னம் எங்கள் முன்னறை வந்தது. நீல வெளிச்சம். கமரா கதவடியில் இருந்து மெதுவாக, மிக மெதுவாக, சுவரை நோக்கி ஊர்ந்து போனது. அண்ணா வந்தார். வெள்ளைச் சேர்ட், வாரிய தலை, அந்த வாய். கழுத்தைச் சுற்றி மாலை.

சந்தன மாலை. அதன் நடுவில் தங்கநிறக் குஞ்சம், ஒரு பக்கம் நூல் விட்டிருந்தது. அந்த நூல் விட்ட பக்கத்தை நான்தான் ஒவ்வொரு வருடமும் ஊசியால் தைக்கிறேன். அது அப்பாவின் மாலை.

வெளிச்சம் வரும்வரை நான் இருக்கவில்லை.

அப்டன் பார்க்கில் ஒரு சாறிக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய எடிட்டிங் அறை. அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அந்த மாலையை ஆர் போட்டது?"

அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் பதில் தயாராக வைத்திருந்தாள். ஒருவரும் போட்டோவைத் தொடவில்லை, சத்தியம் காப்பாற்றப்பட்டது என்றாள். மாடிப்படியில் இருந்த அப்பாவின் மாலையைத் தனியாகப் படமெடுத்து வைத்திருந்தார்களாம். அதைக் கொம்பியூட்டரில் வெட்டி அண்ணாவுக்குப் போட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். படத்தை முடித்துவிட்டுக் கொஞ்சப் பேருக்குப் போட்டுக் காட்டினார்களாம். வெறும் போட்டோவைப் பார்த்து, மகன் யூனிவர்சிட்டிக்குப் போயிருக்கிறான் என்று நினைத்தார்களாம். சினிமாவில் ஒரு விஷயம் ஒரு விநாடியில் கண்ணுக்குப் புரிய வேண்டும், விளக்கம் சொல்ல நேரம் இல்லை, மாலை என்றால் உலகம் முழுக்கப் புரியும் என்றாள்.

"என்ன புரியும்? செத்திட்டான் எண்டு புரியும். அவன் செத்திட்டான் எண்டு முடிவெடுக்க நீ ஆர்?"

"அன்ரி, அது அந்தத் தாயின்ரை மகன். கரெக்டர். உங்கடை அண்ணா இல்லை."

"அப்ப முகம் ஆரின்ரை?"

எனக்குக் காட்டினால் புரியும் என்று நினைத்தாளோ என்னவோ, திரையில் அந்த ஷொட்டைக் கொண்டுவந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள், மாலை போனது. திரும்ப அழுத்தினாள், மாலை வந்தது. இரண்டையும் பாருங்கோ அன்ரி, எது பலமாக இருக்கிறது என்று கேட்டாள். கடையில் நாங்கள் கண் சோதிக்க வருகிறவர்களுக்கு வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்கிற மாதிரி. மாலை இல்லை, மாலை உண்டு, மாலை இல்லை. என் அண்ணா அவளுடைய விரலுக்குக் கீழே செத்துச் செத்துப் பிழைத்தார்.

"கழட்டு," என்று கத்தினேன். கீழே சாறிக் கடையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "இப்ப, என்ரை கண்ணுக்கு முன்னாலை கழட்டு."

ஏலாதாம். படம் விழாக்களுக்கெல்லாம் அனுப்பியாகிவிட்டதாம். காசு போட்டவர்கள் இந்த வடிவத்தைத்தான் ஒத்துக்கொண்டார்களாம். அந்த ஷொட்தான் எல்லாரும் பேசுகிற ஷொட்டாம். அழுதாள். அழட்டும் என்று விட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னாள். வெம்பிளியில் எங்கள் ஆட்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் போடுகிறார்கள், அம்மாவும் அதற்குத்தான் வருவார். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் மாலை இல்லாத கொப்பி ஒன்று செய்து தரலாம். அம்மம்மாவுக்காக.

அம்மாவுக்கு ஒரு கொப்பி, உலகத்துக்கு ஒரு கொப்பி. செருப்பைக் கழற்றி அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அம்மா தியேட்டரில் இருந்து அந்த மாலையைப் பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. அதற்கு மேல் எதையும் யோசிக்க எனக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை.

வெம்பிளிக்கு அம்மா நல்ல சாறி உடுத்துக்கொண்டு வந்தார். மினிகாப் பிடித்துப் போனோம். தியேட்டர் நிறைய எங்கள் ஆட்கள், பாதிப் பேருக்கு அம்மாவைத் தெரியும். எங்கள் முன்னறை வந்தபோது அம்மா என் கையைப் பிடித்தார். கமரா ஊர்ந்தது. அண்ணா வந்தார். கழுத்து வெறுமையாக இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். எனக்கு நன்றி வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. அம்மாவின் பிடி மெல்லத் தளர்ந்தது.

படம் முடிந்ததும் அம்மா முழங்கால் நோவையும் பாராமல் முன்வரிசைக்குப் போனார். இயக்குநரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நன்றி மோனை. எத்தினை பேர் வீட்டுக்கு வந்து, மாலையைப் போட்டிட்டு மனதை ஆத்துங்கோ எண்டு சொல்லிச்சினம் தெரியுமோ? சொந்தக்காரரும் சொன்னவை. நீ இஞ்சை பிறந்த பிள்ளை, உனக்கு விளங்கியிருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்கிற மாதிரி நான் அவளைப் பார்த்தேன். "தாங்ஸ், அம்மம்மா," என்றாள். அம்மா அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. ஏமாற்றியவளுக்கு ஆசீர்வாதம், நான் பக்கத்தில் நின்று கைப்பையைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சாறியைக்கூட மாற்றாமல் அம்மா போனை எடுத்தார். கனடாவில் இருக்கிற தங்கைக்கு, என் சின்னம்மாவுக்கு. எங்கள் வீட்டில் எல்லா அழைப்பும் ஸ்பீக்கரில்தான்.

"எடியே, அந்தப் படம் பாத்திட்டு வாறன். நீங்களும் எப்படியும் பாக்க வேணும்."

"நாங்கள் நேற்றுப் பாத்தனாங்கள் அக்கா. இஞ்சையும் ஒரு விழாவிலை போட்டவை."

விழாக்கள் என்று அவள் சொன்னபோது கனடா என் மூளைக்குள் வரவே இல்லை. அம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

"அப்ப அவன்ரை போட்டோவைக் கண்டனிதானே? மாலை இல்லாமல் எவ்வளவு வடிவா எடுத்திருக்கிறாள், பாத்தியோ?"

லைன் போய்விட்டதாக்கும் என்று அம்மா போனைத் தட்டினார்.

"ஓம் அக்கா," என்றார் சின்னம்மா. "கண்டனான். வடிவா இருந்தவன்." கொஞ்சம் பொறுத்து, "பிள்ளையிட்டை ஒருக்காக் குடுங்கோவன்," என்றார்.

ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனோடு மாடிப்படிக்குப் போனேன். சின்னம்மா விம்மிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே? படத்திலை மாலையைக் கண்டுதான் எங்களுக்குத் தெரியும். வீட்டை வந்து எல்லாரும் தலை தோய்ஞ்சிட்டுத்தான் தண்ணி குடிச்சனாங்கள். மாமாவும் எங்களோடை பாத்தவர், மொட்டை அடிச்சிட்டார். நீங்கள் கிரியையும் செய்திட்டீங்களோ? அக்காவுக்குத் தெரியாமலோ செய்தனீங்கள்?"

"இல்லைச் சின்னம்மா. நாங்கள் ஒண்டும் செய்யேல்லை. மாலையும் போடேல்லை. அது கொம்பியூட்டரிலை போட்டது. கேளுங்கோ சின்னம்மா, அது அண்ணான்ரை மாலை இல்லை, அப்பான்ரை மாலை..."

"ஓம் பிள்ளை, ஓம்," என்றார். அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற குரல். "நீ ஒண்டுக்கும் கவலைப்படாதை. நாங்கள் ஒருத்தரும் அக்காவுக்குச் சொல்லமாட்டம்."

திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே ஓம் பிள்ளை. நான் தனியே சுமக்கிறேன் என்று இன்னும் கூடுதலாக அழுதார். கடைசியில் நானே போனை வைத்தேன். அறைக்குள் போனபோது அம்மா அண்ணாவின் படத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னவாம் சின்னம்மா?"

"படம் நல்லதாம்."

அம்மா சிரித்தார். போனை என் கையிலிருந்து வாங்கி, மாமாவின் இலக்கத்தைத் தேடத் தொடங்கினார்.